முகாமுக்குள் வந்தது எந்தக் காமாலை?

வாசகி கடிதம்:

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். சேலம் மாவட்டத்தில் உள்ள ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருந்து எழுதுகிறேன். எங்கட அப்பாவும் அம்மாவும் 1990-ல் மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தவை. நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் இங்கேதான். வயது 31. நாலு வயதில் ஒரு மகன். இப்போது ஐந்தரை மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தபோது எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் என்று வந்தது. உடம்பில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கண்ணும் மஞ்சள் இல்லை.

ரிசல்ட் வாங்கப் போனபோது நாலு பேர் முன்னால் 'உனக்குக் காமாலைக் கிருமி இருக்கு' என்று சொல்லிவிட்டார்கள். அதே மாதம் எங்கட லைனில் மூன்று பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. செங்கமாரி என்கிறா அம்மம்மா. அது என்னிடம் இருந்துதான் தொற்றியது என்று முகாம் முழுக்கப் பேச்சு. மாமி எனக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டா. குழாயடியில் என் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைப்பதில்லை. கணவர் பெயின்ட் வேலைக்குப் போகிறவர், மேஸ்திரி காதுக்கும் விஷயம் போய்விட்டது. கீழாநெல்லி குடித்தால் சரியாகும் என்று ஒரு அண்ணா சொல்கிறார். பிள்ளைக்கு வருமா? பால் கொடுக்கலாமா? ஊருக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டுமா? ஏழாம் மாதம் வளைகாப்பு வைக்க இருந்தோம், அதுவும் வேண்டாம் என்கினம்."

பதில்:

அம்மா, முதலில் அந்த மூன்று பிள்ளைகளின் கதையைப் பார்த்துவிடுவோம். அது தீராமல் மற்றது எதையும் நீங்கள் நிம்மதியாகப் படிக்கமாட்டீர்கள்.

அவர்களுக்கு உங்களிடமிருந்து வரவில்லை. பிள்ளைகளை நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்கிறேன் என்றால், அவர்களின் கண் மஞ்சளானதே அதற்குச் சாட்சி. உங்கள் ரத்தத்தில் இருப்பது ஹெபடைடிஸ் பி. அந்தக் கிருமி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உடம்பில் புகுந்தால் பெரும்பாலும் சத்தமே காட்டாது. காய்ச்சல் இருக்காது, கண் மஞ்சளாகாது, பல வருடம் அப்படியே கிடக்கும். ஒரே லைனில் மூன்று பிள்ளைகளுக்குச் சில வார இடைவெளியில் கண் மஞ்சளாகி, வாந்தியும் வந்து, சோறு வேண்டாம் என்றால் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவது ஹெபடைடிஸ் ஏ வகையைத்தான். அது மலத்தில் வெளியேறி, தண்ணீரிலோ சாப்பாட்டிலோ கையிலோ ஏறி, இன்னொருவர் வாய்க்குள் போகிற கிருமி. உடம்புக்குள் போய் இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரத்துக்குள் வெளியே தெரியும். உங்கள் குடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழாய்க்குச் சம்பந்தம் இருக்கலாம்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர். அம்மம்மா செங்கமாரி என்கிறார், சேலத்தில் நாங்கள் மஞ்சள் காமாலை என்கிறோம். இரண்டுமே கண்ணில் தெரியும் நிறத்துக்கு வைத்த பெயர். காய்ச்சல் என்பது போலத்தான். டெங்குவும் காய்ச்சல், டைபாய்டும் காய்ச்சல், இரண்டும் ஒன்றில்லையே? கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் ஏ முதல் இ வரை ஐந்து இருக்கின்றன. ஏ-யும் இ-யும் வாய் வழியாக வருபவை. பி-யும் சி-யும் ரத்தத்தின் வழியாக, உடலுறவின் வழியாக, பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருபவை. டி தனியாக வராது, பி இருக்கும் உடம்பில்தான் ஒட்டும். எல்லாவற்றையும் 'காமாலைக் கிருமி' என்ற ஒரே பெயரில் நாலு பேர் முன்னால் சொன்னால் முகாம் வேறு என்ன நினைக்கும்? அப்படிச் சொன்னது தவறு. ரிசல்ட்டைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நானும் யோக்கியம் பேசிவிட முடியாது. பயிற்சி மருத்துவராக நான் இருந்த ஆஸ்பத்திரியில், பி பாசிட்டிவ் என்றால் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டில் கம்பியில் மாட்டிவிடுவோம். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் முதலில் அதைத்தான் படிப்பார்கள். ஒரு அம்மாவின் கட்டிலுக்கு இரண்டு நாளாக யாருமே சாப்பாடு கொண்டுவரவில்லை என்று ஆயா வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது தண்ணீர். அது வெறும் பிள்ளைகள் பிரச்சினை இல்லை, உங்கள் பிரச்சினையும்கூட. ஏ வகை வரும் வழியில்தான் இ வகையும் வரும். மற்றவர்களுக்கு இ வகை சில வாரக் கஷ்டத்தோடு போய்விடும். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படித் தொற்றிய கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பேர் வரை இறந்ததாகப் பதிவுகள் உண்டு. ஊர் எந்தக் காமாலைக்கு உங்கள்மேல் பழி போடுகிறதோ, அந்தக் காமாலை பரவும் தண்ணீருக்கு முகாமிலேயே அதிகம் பயப்பட வேண்டியவர் நீங்கள். எனவே இன்றிலிருந்து பிரசவம் வரை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்காதீர்கள். சூடு காட்டினால் போதாது, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். வெளியில் விற்கும் ஐஸ் போட்ட ஜூஸ், வெட்டி வைத்த பழம் வேண்டாம்.

கிராம சுகாதார செவிலியரிடம் உங்கள் கணவரோ முகாம் தலைவரோ போய் "மூன்று பிள்ளைகளுக்குக் காமாலை, தண்ணீரைச் சோதியுங்கள்" என்று சொல்லட்டும். சுகாதார ஆய்வாளர் வந்து குழாயில் குளோரின் பார்ப்பார். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தாலும் கடைசிக் குழாய்க்கு வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் சுத்தமாகத்தான் புறப்படும். சாக்கடைக்குள் ஓடும் பைப்பில் சின்ன வெடிப்பு இருந்தால், தண்ணீர் நிற்கும் நேரத்தில் சாக்கடை உள்ளே இழுக்கும். நாள் விட்டு நாள் தண்ணீர் வரும் எந்தத் தெருவுக்கும் இந்த ஆபத்து உண்டு. அந்தப் பிள்ளைகளையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஏ வகைதான் என்று காகிதத்தில் வந்துவிட்டால் உங்கள்மேல் இருக்கும் பேச்சு அன்றோடு அடங்கும்.

இது முகாம்காரர்களின் நோயா என்றால், முகாம் என்ற இருப்பிடத்தின் நோய் என்று சொல்லலாம். 2009-ல் வவுனியா மெனிக் பாம் முகாமில் லட்சக்கணக்கான சனத்தைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்தபோது ஏ வகைக் காமாலை பரவியது. உங்கள் உறவினர் யாராவது அங்கே இருந்திருந்தால் கேட்டுப்பாருங்கள். 2004-ல் சூடானின் டார்ஃபூரிலும், 2012-ல் தெற்கு சூடானின் அகதி முகாம்களிலும் இ வகை பரவிக் கர்ப்பிணிகள் இறந்தார்கள். இத்தனை பேருக்கு ஒரு குழாய், இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று வைத்தால் எந்த நாட்டு மனிதராக இருந்தாலும் இதுதான் நடக்கும். ஏற்காட்டில் ஒரே ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கும் எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்தும் பிள்ளைகள் மஞ்சள் கண்ணோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் அகதி என்று சொன்னதில்லை.

சரி, உங்கள் ரிசல்ட்டுக்கு வருவோம்.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது பி வைரஸின் மேல் உறையில் உள்ள புரதம். இதைக் கண்டுபிடித்தவர் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர். 1960-களில் ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில் முதலில் கண்டதால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார். சேலத்தில் பழைய லேப்காரர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் நாளாக வைத்திருக்கிறார்கள். அந்தப் புரதம் உங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது என்று பொருள். கல்லீரல் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. ஆறு மாதம் கழித்தும் இருந்தால் நாட்பட்ட தொற்று என்போம். உங்களுக்கு அனேகமாகச் சின்ன வயதிலிருந்தே இருக்கும். பெரியவர்களுக்கு வந்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் தாமாகவே விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது வந்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடும்.

எங்கிருந்து வந்தது? அம்மாவிடமிருந்தா, காது குத்திய ஊசியிலா, காய்ச்சலுக்குப் போட்ட ஊசியிலா? இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதைத் தேடி யாரையும் நோகடிக்காதீர்கள். கணவரைச் சந்தேகப்படவும் வேண்டாம், அவர் உங்களைச் சந்தேகப்படவும் வேண்டாம். ஒன்றை மட்டும் உங்கள் மாமியிடம் சொல்லுங்கள். இலங்கை இந்த வைரஸ் குறைவாக உள்ள நாடு, அங்கே நூற்றுக்கு இரண்டு பேருக்கும் கீழேதான். இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர். படகில் ஏறி இங்கே வந்த கிருமி என்று யாராவது சொன்னால், கணக்கு அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. நீங்கள் பிறந்த காலத்தில் இங்கே அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பி தடுப்பூசியே கிடையாது. அதை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் வந்தது 2011 டிசம்பரில். முகாமில் பிறந்தாலும் சேலம் அஸ்தம்பட்டியில் பிறந்தாலும் உங்கள் வயதுக்காரர்கள் பெரும்பாலும் தடுப்பூசி இல்லாமல் வளர்ந்தவர்கள்தான்.

இனி வயிற்றுப் பிள்ளை. கடிதத்தில் நான் அதிக நேரம் செலவிட நினைத்தது இங்கேதான். இதில் ஊர்ப்பேச்சுக்கு வேலையில்லை, நாள் கணக்குக்கும் மணிக்கணக்குக்கும்தான் வேலை.

எதுவும் செய்யாமல் விட்டால், ரத்தத்தில் வைரஸ் அதிகமாக உள்ள தாயிடமிருந்து நூற்றில் எழுபது முதல் தொண்ணூறு குழந்தைகளுக்கு வரும். செய்ய வேண்டியதைச் செய்தால் வராமல் தடுப்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. பெரும்பாலான நேரம் தொற்று நடப்பது பிரசவ நேரத்தில், ரத்தத்தோடு ரத்தம் கலக்கும்போது. வயிற்றுக்குள் இருக்கும்போது அல்ல. அதனால்தான் நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

முதல் வேலை, இந்த மாதமே ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ. அளவு பார்க்க வேண்டும். கூடவே எச்.பி.இ.ஏ.ஜி. (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் இன்னொரு புரதம்), கல்லீரல் என்சைம்கள், ஒரு ஸ்கேன். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கர்ப்பிணி அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்), ஆதார் அல்லது முகாம் அடையாள அட்டையோடு போங்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பார்க்க வேண்டும் என்று திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய திட்டம் இது. பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வெளியில் இந்த டி.என்.ஏ. சோதனைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள், கடன் வாங்கிச் செய்துவிடாதீர்கள்.

டி.என்.ஏ. எண்ணிக்கை மில்லி லிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டைத் தொட்டால், அல்லது எச்.பி.இ.ஏ.ஜி. பாசிட்டிவ் என்றால், டெனோஃபோவிர் என்ற மாத்திரையைத் தினம் ஒன்று தருவார்கள். கர்ப்பத்தில் கொடுக்கலாம் என்று நன்றாகச் சோதித்துப் பார்த்த மருந்து. முன்பெல்லாம் ஏழாம் மாதத்தில் தொடங்குவோம். 2024-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்கும் முன்பே, இரண்டாவது மும்மாதத்திலேயே தொடங்கச் சொல்லிவிட்டது. அதனால்தான் இந்த மாதமே போங்கள் என்கிறேன். பிரசவம் முடிந்தவுடன் நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கல்லீரல் வீங்கும். எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை அவர்கள் ரத்தம் பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டாவது வேலை, பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். வலி எடுத்ததும் 108-ஐக் கூப்பிடுங்கள். பிரசவ அறைக்குள் போகும் முன்பே "நான் பி பாசிட்டிவ், பிள்ளைக்கு இரண்டு ஊசி வேண்டும்" என்று நீங்களும் சொல்லுங்கள், கணவரையும் சொல்லச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் பி தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது பி-க்கு எதிரான ஆயத்த எதிர்ப்புச் சக்தி. முதல் ஊசி எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவது. இரண்டாவது ஊசி உங்களைப் போன்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா நேரமும் ஃப்ரிட்ஜில் இருக்காது. ஒன்பதாம் மாதத்திலேயே "உங்களிடம் இருப்பு இருக்கிறதா?" என்று கேட்டு வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்து, மருந்து திங்கள் மத்தியானம்தான் வரும் என்றால் நமக்கு வேலைக்கு ஆகாது. என் அனுபவத்தில் குழந்தைகளுக்கு இது தப்பிப்போவது பெரும்பாலும் மருந்து இல்லாததால் அல்ல, யாரும் ஒரு நாள் முன்னால் கேட்டு வைக்காததால்.

அப்புறம் 6, 10, 14-ஆவது வாரங்களில் வழக்கமான ஐந்து நோய்த் தடுப்பூசி. ஒன்றுகூடத் தவறக் கூடாது. குழந்தைக்கு ஒன்பது மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள், ரத்தம் எடுத்து வைரஸ் இல்லை, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு முன் பார்த்தால் போட்ட மருந்தே ரிசல்ட்டைக் குழப்பும்.

இதற்காக மட்டும் சிசேரியன் வேண்டாம். பால் தாராளமாகக் கொடுங்கள், முதல் மணி நேரத்திலேயே கொடுங்கள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் ஆறும்வரை அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்திவைத்தால் போதும். பால் கொடுத்ததால் தொற்றியது என்று, ஊசி போட்ட குழந்தைகளில் நாங்கள் பார்ப்பதில்லை.

மூன்றாவது, கணவரும் நாலு வயது மகனும். இருவருக்கும் ரத்தப் பரிசோதனை. கணவருக்குத் தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று ஊசி. அது முடியும்வரை ஆணுறை. மகனுக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டிருப்பார்கள், ஆனாலும் பார்த்துவிடுங்கள். உங்கள் அம்மா, கூடப்பிறந்தவர்கள்கூடப் பார்த்துக்கொள்வது நல்லது. பழி தேடுவதற்கு அல்ல. உங்களைப் போலவே யாருக்காவது சத்தமில்லாமல் இருந்தால், கல்லீரல் சுருங்கிய பிறகு என்னிடம் வருவதற்குப் பதில் இப்போதே வரலாம். இது நீண்ட காலம் இருந்தால் சிலருக்கு சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்கம், சிலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும். மறைக்க மாட்டேன். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆனால் எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் தேவை. உங்களுக்கும்தான், பிள்ளை பெற்ற கையோடு மறந்துவிடாதீர்கள். முகாமில் பதிவு உள்ளவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது, அந்த அட்டையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியின் தட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மருமகளையும் பேரனையும் எப்படிக் காப்பது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்கிறார். ஆனால் பயம் தப்பான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. தட்டிலும் டம்ளரிலும் இது வராது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே கழிப்பறைக்குப் போனாலும், இருமினாலும், கொசு கடித்தாலும் வராது. பிரித்து வைக்க வேண்டியது வேறு. பல் தேய்க்கும் பிரஷ், பிளேடு, நகவெட்டி, காதுக் கம்மல். காய்ந்த ரத்தத் துளியில் இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். உங்கள் வீட்டில் தட்டு இரண்டு, நகவெட்டி ஒன்று என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். மாமி நகவெட்டியைத் தனியாக வைக்கட்டும், தட்டை ஒன்றாக்கட்டும்.

முகாமுக்கு வெளியே சேலத்திலும் இதே கதைதான். சலூனில் போன ஆளுக்குப் போட்ட பிளேடையே மாற்றாமல் நமக்குப் போட்டால் ஏன் என்று கேட்கமாட்டோம். ஒரு நாள் காய்ச்சலுக்கு "ஊசி ஒண்ணு போட்டுவிடுங்க" என்று நாமே கேட்டு வாங்குவோம். 2009-ல் குஜராத்தில் மொடாசா என்ற ஊரில், ஒருவருக்குப் போட்ட ஊசியையே அடுத்தவருக்கும் போட்டதால் நூற்றுக்கணக்கானவர்களுக்கு பி தொற்றிப் பலர் இறந்தார்கள். அங்கே அகதி முகாம் எதுவும் இல்லை, சாதாரண ஊர். வங்கதேசத்தில் ரோஹிங்கியா மக்கள் இருக்கும் காக்ஸ் பஜார் முகாம்களில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2023-ல் வீடு வீடாகச் சோதித்தது. பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் சி. அங்கேயும் சுத்தமில்லாத ஊசிமேல்தான் முதல் சந்தேகம். நாட்டிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு நல்ல ஆஸ்பத்திரி எட்டாது, கையில் பையோடு வரும் ஊசிக்காரன்தான் எட்டுவான். நம் முகாம்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை, பக்கத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் சைக்கிளில் வந்து ஊசி போடும் 'டாக்டர்' உங்கள் பக்கமும் வருகிறார் என்றால் அவரிடம் கையை நீட்டாதீர்கள். சொல்ல மறந்தேன், சி வகையை இப்போது மூன்று மாத மாத்திரையில் முழுசாகக் குணமாக்கலாம், அதுவும் அதே திட்டத்தில் இலவசம். பி-யை அடக்கி வைக்கத்தான் மருந்து இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பி "மூணு மாசத்துல போயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கீழாநெல்லிக்கு வருகிறேன். அதை நான் கேலி செய்யமாட்டேன், காரணம் இருக்கிறது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு, அதே பிளம்பெர்க்கையும் சேர்த்துக்கொண்டு, லான்செட் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டது. பி வைரஸ் உள்ளவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் ரத்தத்தில் இருந்து மறைந்தது என்றார்கள். மருந்தில்லாத வெறும் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே நம் வரப்போரச் செடியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான், நம் ஊர்ச் செடி ஜெயித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அப்படியானால் "எங்க மாமாவுக்கு நாட்டு மருந்துலதான் சரியாச்சு" என்று ஆயிரம் பேர் சொல்வது பொய்யா? பொய் இல்லை. ஏ வகைக் காமாலை எதுவும் கொடுக்காவிட்டாலும் சில வாரத்தில் தானே இறங்கும். இறங்கும் நேரத்தில் யார் மருந்து கொடுத்தாரோ அவருக்குப் பெயர். அந்த மூன்று பிள்ளைகளுக்கும் அனேகமாக அப்படித்தான் சரியாகும், யாராவது ஒருவர் பெயர் வாங்கிக்கொள்வார். உங்களுடையது தானாக இறங்கும் வகை இல்லை. கர்ப்பத்தில் எந்தச் சாறும் பொடியும் வேண்டாம். கையில் சூடு வைக்கிறேன், மூக்கில் சாறு விடுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். கணவருக்கு. உங்களுக்குப் பிரசவம் பார்ப்பவர்களுக்கு. பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால் அந்த மருத்துவருக்கு. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதற்காக உங்கள் அம்மாவுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும். அவ்வளவுதான். முகாம் தலைவருக்கோ, முகாமில் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் வரிசையில் பக்கத்தில் நிற்பவருக்கோ, மேஸ்திரிக்கோ சொல்ல வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. மேஸ்திரி கேட்டால் கணவர் தன்னுடைய ரிசல்ட்டைக் காட்ட வேண்டியதும் இல்லை. பெயின்ட் பிரஷ்ஷிலும் டப்பாவிலும் இது பரவாது. சாரத்தில் ஏறும்போது கை கிழிந்தால் அவரே கழுவிப் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளட்டும், கூட வேலை பார்க்கும் எல்லாரும் அப்படித்தானே செய்ய வேண்டும்?

பேச்சை வாயால் மறுத்துக்கொண்டே இருந்தால் அது வளரும். பதிலாகச் செவிலியரிடம் கேளுங்கள், கர்ப்பிணிகள் கூடும் நாளில் உங்கள் பெயரை எடுக்காமல் ஏ வேறு, பி வேறு என்று பத்து நிமிடம் பேசச் சொல்லி. தண்ணீர் சோதனைக்கு ஆள் வரும் அன்றே வைத்தால் இன்னும் நல்லது. குழாயடியில் நின்று கேட்பவர்களுக்குக் கண்முன்னே குழாய் இருக்கும்.

கடைசியாக, வளைகாப்பு. தாராளமாக வையுங்கள். சந்தனம் பூசலாம், பூ வைக்கலாம், ஐந்து வகைச் சோறு கிண்டி எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம், நீங்களே ஊட்டியும் விடலாம். ஒரே ஒரு விஷயம், கண்ணாடி வளையல். கை வீங்கியிருக்கும் நேரத்தில் சின்ன அளவை அழுத்தி ஏற்றினால் உடைந்து கீறும், உங்கள் கையும் போடுகிறவர் கையும். அளவு ஒன்று கூட்டி வாங்கச் சொல்லுங்கள், தட்டில் நாலு பிளாஸ்டரும் போட்டு வையுங்கள். முதல் வளையலை மாமியே போடட்டும்.